பாதுகாப்பு அதிகாரியின் இருக்கை

1994-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்திலிருந்து விளாதிமிர் லெவின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், நியூயார்க்கின் சிட்டிபாங்க் தன் பெருவணிக வாடிக்கையாளர்களின் வசதிக்கென்று ஏற்படுத்தியிருந்த பண நிர்வாகக் கணினி அமைப்புக்குள் தொலைபேசி இணைப்பு வழியாகப் புகுந்தார்கள். அவ்வாடிக்கையாளர்களின் கடவுச்சொற்களைக் கைப்பற்றி, ஒரு கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைப் பின்லாந்து, நெதர்லாந்து, ஜெர்மனி, இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்த கணக்குகளுக்கு மாற்றினார்கள். ஏறத்தாழ 4 லட்சம் டாலர் நீங்கலாக மற்றதெல்லாம் மீட்கப்பட்டது; லெவினும் 1995 மார்ச் மாதத்தில் லண்டனை அடுத்த ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் கைதானார். ஆயினும், வங்கியின் பெட்டகத்தை உடைக்காமலே, வங்கியே தன் வாடிக்கையாளருக்காக மனமுவந்து திறந்துவைத்த வாசல் வழியாகக் களவு நிகழக்கூடும் என்ற உண்மை வணிக உலகத்துக்கு அன்றுதான் உறைத்தது.

அந்தச் சம்பவத்தின் விளைவாக 1995-இல் சிட்டிகார்ப் நிறுவனம் ஸ்டீவ் காட்ஸ் என்பவரைத் தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியாக நியமித்தது. உலகில் அந்தப் பதவிப் பெயரை முதன்முதலில் தாங்கியவர் அவரே என்று அத்துறையினர் போற்றுகிறார்கள். 2023-இல் காலமான அவர், கணினி அறையில் அடைந்து கிடக்கும் தொழில்நுட்ப நிபுணராகத் தம்மைக் கருதிக்கொண்டதில்லை. வங்கியின் முக்கிய வாடிக்கையாளர்களை நேரில் சந்தித்து நம்பிக்கையூட்டுவதும், வணிகத்துக்கு நேரக்கூடிய அபாயத்தை நிர்வாகத்தாருக்கு அவர்கள் அறிந்த பாஷையில் எடுத்துரைப்பதும் தம் உத்தியோகத்தின் பிரதான அங்கங்கள் என்றே அவர் கொண்டார். அவருக்குப் பின் வந்த முப்பது ஆண்டுகளில் இந்தப் பதவி உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் பதவியின் பெயர் பரவிய அளவுக்கு அதன் அதிகாரம் பரவியிருக்கிறதா என்று விசாரித்தால், மன நிறைவு தரும் விடை கிடைப்பதில்லை. புதிய தொழில்நுட்பம் ஒன்றை வாங்குவதா, எப்பொழுது, எந்த நிபந்தனைகளோடு என்று ஒரு ஸ்தாபனம் தீர்மானிக்கும் அறையில் இந்த அதிகாரிக்கு இருக்கை உண்டா இல்லையா என்பதே, அந்த ஸ்தாபனம் அத்தொழில்நுட்பத்தைப் பொறுப்புடன் ஏற்கிறதா என்பதற்கு மெய்யான அடையாளம் என்பது என் துணிபு. இதற்குச் சான்றாக ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் 1899-இல் சில்லறைக் கடன் தகவல் நிறுவனமாகத் தோன்றி, 1975-இல் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி, கோடிக்கணக்கான மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி, வங்கிகளுக்கும் வணிகர்களுக்கும் விற்பதையே தொழிலாகக் கொண்டது. அந்த மக்களில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் அல்லர். தங்கள் தகவலைத் தாருங்கள் என்று எவரும் அவர்களைக் கேட்டதுமில்லை. 2005-இல் புதிய தலைமை நிர்வாகி பொறுப்பேற்ற பின், பல கம்பெனிகளை வாங்கிச் சேர்ப்பதும், புதிய வகைத் தகவல்களைக் குவிப்பதும், அவற்றிலிருந்து புதிய சரக்குகளை உருவாக்கி விற்பதும் என்ற வேகமான வளர்ச்சிக் கொள்கையில் அது இறங்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள தகவலைப்போல் ஏறத்தாழ 1,200 மடங்கைத் தம் கம்பெனி நாள்தோறும் கையாள்கிறது என்று 2017 ஆகஸ்டில் அந்தத் தலைமை நிர்வாகி பெருமிதத்துடன் ஒரு கூட்டத்தில் பேசினார். கரையைப் பலப்படுத்தாமல் ஏரியின் கொள்ளளவை மட்டும் ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போனதுபோல் இருந்தது அந்த வளர்ச்சி. அவர் அவ்வாறு பேசிய நாளில் கரை ஏற்கெனவே உடைந்துவிட்டிருந்தது.

உடைந்த விதத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு 2018 டிசம்பரிலும், செனட்டின் துணைக்குழு 2019 மார்ச்சிலும் வெளியிட்ட அறிக்கைகள் நாள் வாரியாகப் பதிவு செய்திருக்கின்றன. 2017 மார்ச் 7-ஆம் தேதி, இணைய தளங்களை உருவாக்கப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் மென்பொருளில் ஒரு பெரும் பழுது இருப்பதும், அதற்கான திருத்தம், தொழில் வட்டாரத்தார் பேட்ச் என்று சொல்வது, ஆயத்தமாக இருப்பதும் பகிரங்கமாயின. மறுநாளே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விடுத்தது. அதற்கு மறுநாள், மார்ச் 9 அன்று, ஈக்விஃபாக்ஸின் பாதுகாப்புப் பிரிவு நானூறுக்கு மேற்பட்ட அலுவலர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, 48 மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடத் துரிதமான நடவடிக்கை வேறு எதுவும் இருக்க முடியாது. ஆனால், கடன் விவரத்தில் பிழை கண்ட பொதுமக்கள் முறையிடுவதற்கான தளத்தில் அந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்திருந்த மென்பொருள் வல்லுநரின் பெயர், அந்த நானூறு பேர் பட்டியலில் இல்லை. அவருக்கு மேலிருந்தவருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. அது கீழே வரவில்லை. மார்ச் 15 அன்று பழுதைத் தேடுவதற்காக ஓட்டப்பட்ட சோதனைக் கருவி, மேல்மட்டக் கோப்புறையைத் துழாவிற்றேயன்றி, அந்த மென்பொருள் இருந்த உட்கோப்புறைக்குள் இறங்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை என்று அது தெரிவித்தது, எல்லாரும் நிம்மதியடைந்தார்கள்.

அந்த முறையீட்டுத் தளத்தின் அடிப்படை அமைப்பு 1970-களில் உருவாக்கப்பட்டது. காலப்போக்கில் அதன்மேல் புதிய அடுக்குகள் ஏறினவே தவிர, அடித்தளம் அப்படியே கிடந்தது. கம்பெனியின் சொத்துகள் யாவை, எந்தக் கணினியில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்ற முழுமையான இருப்புக் கணக்கே அவர்களிடம் இல்லை. 2015-இல் அவர்களே நடத்திய உள் தணிக்கை, திருத்தப்படாமல் கிடந்த பழுதுகள் 8,500-க்கு மேல் என்று கண்டறிந்து, திருத்தம் போடும் வேலை அவரவர் நேர்மையை நம்பி விடப்பட்டிருக்கிறது என்றும் குறித்தது. அந்தத் தணிக்கையைத் தொடர்ந்து வேறொரு தணிக்கை நடத்தி, குறைகள் தீர்ந்தனவா என்று எவரும் பரிசோதிக்கவில்லை.

மே 13-ஆம் தேதி அந்நியர்கள் உள்ளே புகுந்தார்கள். ஓரிடத்தில் மறைக்குறியாக்கம் செய்யப்படாமல் வைக்கப்பட்டிருந்த கடவுச்சொற்களைக் கண்டெடுத்து, அவற்றைக்கொண்டு அந்தத் தளத்தோடு சம்பந்தமே இல்லாத 48 தரவுத்தளங்களைத் திறந்தார்கள். ஏறத்தாழ 9,000 முறை வினவி, அவற்றில் 265 முறை மக்களின் அந்தரங்க விவரங்களை அள்ளிக்கொண்டார்கள். 76 நாட்கள் இது நடந்தது. இத்தனை நாட்களும் எவர் கண்ணிலும் படாமற்போனது எப்படி என்றால், அத்தளத்துக்கு வந்துபோகும் தகவலைப் பிரித்துப் பார்த்துக் கண்காணிக்க வேண்டிய கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்தன. சான்றிதழ் இல்லாத கருவி, பிரித்துப் பார்க்க இயலாமல், வருவதையும் போவதையும் அப்படியே அனுமதித்துக்கொண்டிருந்தது. ஜூலை 29 அன்று புதிய சான்றிதழை ஏற்றிய மாத்திரத்திலேயே, சந்தேகத்துக்கிடமான போக்குவரத்து திரையில் தென்பட்டது. மறுநாள் தளம் மூடப்பட்டது. அப்படிக் காலாவதியாகிக் கிடந்த சான்றிதழ்கள் அந்தக் கம்பெனியில் குறைந்தது 324 என்றும், அவற்றில் 79 மிக முக்கியமான பகுதிகளைக் கண்காணித்த கருவிகளுக்குரியவை என்றும் சபைக்குழு கணக்கிட்டது. ஏறத்தாழ 14 கோடியே 80 லட்சம் அமெரிக்கர்களின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் முதலியன பறிபோயின. நான்கு சீன ராணுவத்தினர் மீது அமெரிக்க நீதித்துறை 2020 பிப்ரவரியில் குற்றம் சாட்டியது.

இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் பேட்ச் போடாத அலட்சியத்தோடு நின்றுவிடுகிறார்கள். என் கவனத்தை ஈர்ப்பது வேறொரு செய்தி. ஏறத்தாழ 2005 வரை அந்தக் கம்பெனியின் பாதுகாப்புத் தலைவர், தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குக் கீழ் இருந்தார். அவ்விருவருக்கும் ஒத்துப்போகவில்லை. எனவே பாதுகாப்புப் பிரிவு தொழில்நுட்பத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, சட்டத்துறைத் தலைவரின் கீழ் வைக்கப்பட்டது. பிற்பாடு அவ்விருவரும் போய்ப் புதியவர்கள் வந்தார்கள். ஏற்பாடு மட்டும் மாறவில்லை. இரண்டு மனிதர்களின் மனஸ்தாபம் ஒரு ஸ்தாபனத்தின் அமைப்பாக இறுகி, பன்னிரண்டு ஆண்டுகள் நிலைத்து நின்றது. பாதுகாப்புப் பிரிவு விதியை எழுதும், தொழில்நுட்பப் பிரிவு அதைச் செய்யும், செய்ததா என்று உறுதிப்படுத்த எவருக்கும் தெளிவான அதிகாரம் இல்லை என்ற நிலை அதனால் ஏற்பட்டது. பாதுகாப்புத் தலைவர் கம்பெனியின் உயர்மட்டத் தலைமைக் குழுவில் ஓர் அங்கத்தினராகக்கூட எண்ணப்படவில்லை. நானூறு பேருக்கு அனுப்பிய மின்னஞ்சல் அவருடைய பிரிவின் அதிகாரத்தின் எல்லைக்கோடாக இருந்தது. அதற்கு அப்பால் நடப்பது அவர்கள் கையில் இல்லை.

செப்டம்பர் 7 அன்று செய்தி வெளியானதும் நடந்தவை மனவருத்தம் தருவன. பாதுகாப்புத் தலைவராக இருந்த பெண்மணி இசையில் பட்டம் பெற்றவர் என்பதைக் கண்டுபிடித்து, அதையே காரணமாகக் காட்டி ஆயிரக்கணக்கானோர் அவரை ஏளனம் செய்தார்கள். வேறு துறைகளில் கற்று, அனுபவத்தால் பாதுகாப்பு வல்லுநர்களானவர்கள் அந்தத் துறையில் ஏராளம். அவர் என்ன படித்தார் என்று கேட்டவர்களில் எத்தனை பேர், அவர் யாரிடம் அறிக்கை அளித்தார், அவர் சொல் எங்கே எடுபட்டது என்று கேட்டார்கள்? அக்டோபர் தொடக்கத்தில், மின்னஞ்சலைக் கீழே அனுப்பத் தவறினார் என்பதற்காக ஓர் உயர் அலுவலர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். மறுநாள், ராஜினாமா செய்துவிட்ட தலைமை நிர்வாகி பிரதிநிதிகள் சபையின் ஒரு குழு முன் சாட்சியம் சொல்லும்போது, தனி மனிதர் ஒருவரின் தவற்றையும் சோதனைக் கருவி ஒன்றின் தவற்றையுமே காரணமாகச் சுட்டினார். 14 கோடிக்கு மேற்பட்ட மக்களின் அந்தரங்கம் ஒரே ஒரு மனிதர் ஒரு கடிதத்தைக் கீழே அனுப்புவதைப் பொறுத்து இருக்கும்படி ஒரு கம்பெனி அமைக்கப்பட்டிருக்குமானால், குற்றம் அந்த அமைப்பை ஏற்படுத்தியவர்களுடையதே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2018 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி புதிதாக நியமித்த பாதுகாப்பு அதிகாரி, நேரடியாகத் தலைமை நிர்வாகியிடமே அறிக்கை அளிப்பவராக வந்தார். ஊழியர்களின் ஊக்கத்தொகையைக் கணக்கிடும்போது பாதுகாப்பும் ஓர் அளவுகோலாகச் சேர்க்கப்பட்டது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டுப் பழைய அமைப்புகள் மேகக் கணினிக்கு மாற்றப்பட்டன. ஒரே கம்பெனி, அதே தொழில், முன்னைவிடப் பெரிய தொழில்நுட்ப மாற்றம். ஆயினும் இம்முறை பாதுகாப்பு அதிகாரி அந்த மாற்றத்தின் திட்டத்தை வகுப்பவர்களில் ஒருவராக இருந்தார். 2019-இல் அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி 57 கோடியே 50 லட்சம் டாலர் முதல் 70 கோடி டாலர் வரை கொடுக்க நேர்ந்த பிறகு வந்த ஞானம் அது.

அதிகாரம் கொடுக்கப்படாத இந்தப் பதவியின் தலையில் பொறுப்பு மட்டும் நாளுக்கு நாள் ஏறிவருவதையும் இங்கே சொல்ல வேண்டும். ஊபர் கம்பெனியில் 2016-இல் 5 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. களவாடியவர்களுக்கு, பழுதைச் சுட்டிக்காட்டுவோருக்கு வழங்கும் சன்மானம் என்ற பெயரில் ஒரு லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை மறைத்ததற்காக, அதன் பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் 2022 அக்டோபரில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். 2023 மே மாதம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை விதிக்கப்பட்டது. அரசாங்க விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே மறைத்தது குற்றம்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சோலார்விண்ட்ஸ் விவகாரம் வேறு வகையானது. அந்தக் கம்பெனியின் மென்பொருளுக்குள் ரகசியமாக நச்சு நிரல் நுழைக்கப்பட்ட செய்தி 2020 இறுதியில் வெளியானது. மூன்றாண்டுகள் கழித்து, கம்பெனியின் பாதுகாப்பு நிலையைப் பற்றி முதலீட்டாளர்களைத் தவறாக நம்பவைத்ததாக, கம்பெனியின் மீது மட்டுமன்றி அதன் தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரியின் மீதும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2024 ஜூலையில் நீதிமன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளியது. எஞ்சியவற்றை ஆணையமே 2025 நவம்பரில் கைவிட்டது. வழக்கு முடிந்தாலும், அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பாதுகாப்பு அதிகாரிகள் பலருக்கு ஏற்பட்ட அச்சம் லேசானதல்ல. நிர்வாகம் கேட்டுக்கொண்டால் கையெழுத்திடவும், விபரீதம் நேர்ந்தால் கூண்டில் ஏறவும் ஒருவர் இருக்கிறார், ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியில்லை என்றால், நாணயமும் திறமையும் உள்ளவர்கள் அந்த நாற்காலியில் எதற்காக அமர்வார்கள்?

இப்பொழுது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. முந்தைய தொழில்நுட்பங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய இயந்திரங்களை நிர்வாகம் வாங்கி ஊழியர்களிடம் கொடுத்தது. இதையோ ஊழியர்கள் தாமே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். 2023-இன் முற்பகுதியில் தென்கொரியாவின் சாம்சங் கம்பெனியில் பொறியாளர்கள் சிலர், தங்கள் வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளும் நோக்கத்தோடு, கம்பெனியின் ரகசிய மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் உள்ளிட்டார்கள். அவர்களில் எவரும் துரோகிகள் அல்லர். வேலையைச் சீக்கிரமாகவும் நன்றாகவும் முடிக்க விரும்பியவர்கள். மே மாதம் சாம்சங் தன் கணினிகளில் இத்தகைய கருவிகளின் உபயோகத்தைத் தடைசெய்தது. அப்போதைக்கு அது நியாயமான நடவடிக்கையே. எனினும் தடை என்பது சிந்திப்பதற்கு அவகாசம் பெறும் உபாயமே தவிர, கொள்கை ஆகாது. ஊழியருக்கு மெய்யாகவே உதவும் கருவியை வெறும் சுற்றறிக்கையால் நெடுநாள் தடுத்துவைக்க இயலாது. அலுவலகக் கணினியில் தடுத்தால் சொந்தக் கைபேசியில் பயன்படுத்துவார்கள், அப்போது கண்காணிப்பும் கைவிட்டுப் போகும். நல்ல பாதுகாப்புத் தலைவர், எந்தத் தகவல் வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று வகைப்படுத்தி, கம்பெனியின் கட்டுப்பாட்டுக்குள் இயங்கும் பத்திரமான வழி ஒன்றை விரைவாகத் திறந்துகொடுக்கிறார். அந்த வழி திருட்டு வழியைவிடச் சௌகரியமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது.

இயந்திரம் சொன்னதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் ஏட்டளவில் நிற்காமல் மன்றம் ஏறிவிட்டது. பாட்டியை இழந்து அவசரமாகப் பயணம் செய்ய நேர்ந்த ஒருவர், ஏர் கனடா விமானக் கம்பெனியின் இணையதளத்திலிருந்த உரையாடல் இயந்திரத்தைக் கேட்டார். துக்கப் பயணத்துக்குரிய கட்டணச் சலுகையைப் பின்னரும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று அது தவறாகச் சொன்னது. அதை நம்பிப் பயணம் செய்தவருக்குச் சலுகை மறுக்கப்பட்டது. விவகாரம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயத்துக்குச் சென்றபோது, அந்த உரையாடல் இயந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி வியக்தி என்று பொருள்படும்படி கம்பெனி வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை நிராகரித்து, தன் தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் கம்பெனியே பொறுப்பு என்று தீர்த்தது. தொகை ஏறத்தாழ 800 கனடா டாலர்தான். நிலைநாட்டப்பட்ட தத்துவமோ பெரிது. இயந்திரத்தை வேலைக்கு அமர்த்தும்போதே அதன் வாக்குக்கு உரியவர் இன்னார் என்று பெயர் குறித்து வைக்காத நிறுவனம், பின்னால் இத்தகைய வாதத்தைத்தான் தேடி ஓட வேண்டியிருக்கும்.

பிரிட்டனின் ஆரூப் என்னும் பொறியியல் நிறுவனத்துக்கு 2024-இன் தொடக்கத்தில் நேர்ந்தது இன்னும் கவலைக்குரியது. அதன் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவருக்கு, ரகசியப் பணப் பரிமாற்றம் செய்யும்படி மின்னஞ்சல் வந்தது. முதலில் அவர் சந்தேகித்தார். பின்பு ஒரு காணொலிக் கூட்டத்தில் கம்பெனியின் நிதித் தலைவரும் தமக்குத் தெரிந்த சக ஊழியர்களும் பேசுவதைக் கண்டார். அதோடு சந்தேகம் அகன்றது. 15 முறையாக ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். கூட்டத்தில் அவர் கண்ட முகங்களும் கேட்ட குரல்களும் இயந்திரத்தால் உருவாக்கப்பட்டவை. கம்பெனியின் கணினி அமைப்புக்குள் எவரும் புகவில்லை. ஒரு பூட்டும் உடைபடவில்லை. இதற்கு மருந்து இன்னொரு இயந்திரத்தில் மட்டும் இல்லை. பெரிய தொகை எதுவும், யார் முகத்தைப் பார்த்தாலும் யார் குரலைக் கேட்டாலும், ஏற்கெனவே பதிந்துவைத்த எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்யாமல், இரண்டாவது ஆள் சம்மதிக்காமல் நகரக் கூடாது என்ற பழைய கணக்காபீஸ் ஒழுங்குதான் இங்கே காவல். அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்துத் தாமதிக்கும் கீழ்நிலை ஊழியரை மேலதிகாரி கடிந்துகொள்ளாத சூழ்நிலையை உண்டாக்குவது பாதுகாப்புத் தலைமையின் வேலை. அதைச் செய்ய அவருக்கு நிதித் தலைவரோடு சமமாகப் பேசும் அந்தஸ்து வேண்டும்.

பாதுகாப்புக்கென்று வாங்கும் பொருளே அபாயமாவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, மைக்ரோசாஃப்ட் கணிப்பின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பிழை உணரப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது 78 நிமிடங்களில். முடங்கியவற்றை மீட்கப் பல நாட்கள் சென்றன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திண்டாடின. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் சிலவற்றுக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் நஷ்டம் சிறிதாய் முடிந்திருக்கும். இந்த அனுபவத்துக்குப் பின், 2025 ஏப்ரலில் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி பாட்ரிக் ஓபெட், தம் வங்கிக்கு மென்பொருள் அளிப்போருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். புதிய அம்சங்களை முந்திக்கொண்டு சந்தைக்குக் கொண்டுவரும் போட்டியைவிடப் பாதுகாப்புக்கு முதலிடம் கொடுங்கள் என்றும், ஒருசில நிறுவனங்களையே உலகம் சார்ந்திருப்பது ஆபத்து என்றும் அதில் வற்புறுத்தினார். வாங்குகிறவரின் அதிகாரத்தோடு ஒரு பாதுகாப்பு அதிகாரி விற்பவர்களைப் பார்த்து இவ்வாறு பேச முடிந்தது என்பதை நான் ஒரு நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்டு, இன்றும் அங்கேயே தலைமையகத்தைக் கொண்டிருக்கும் சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரியில், ஸ்விஃப்ட் என்னும் சர்வதேசப் பணச் செய்தி வலையமைப்பின் வழியாக, ஏறத்தாழ 20 லட்சம் டாலர் பெறுமான மூன்று கள்ளக் கட்டளைகள் துபாய், துருக்கி, சீனா ஆகிய இடங்களுக்குப் புறப்பட்டுவிட்டன. அதற்கு முன் அந்நியர்கள் செய்த காரியம் ஒன்று உண்டு: பணம் போனதற்கான ஒப்புதல் செய்திகளை அச்சிட்டுத் தரும் பிரிண்டரை அவர்கள் செயலிழக்கச் செய்திருந்தார்கள். இரண்டாண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 95 கோடி டாலர் அளவுக்குக் களவாட முயன்று 8 கோடியே 10 லட்சம் டாலரை அபகரித்தவர்களும் பிரிண்டரையே முதலில் முடக்கினார்கள். வழக்கமாக வர வேண்டிய காகிதம் வரவில்லை என்றால் மை தீர்ந்திருக்கும், இயந்திரம் மக்கர் செய்கிறது என்று நினைப்பது மனித சுபாவம். கும்பகோணத்து வங்கியார் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது பொருத்தமின்மையைக் கண்டு துரிதமாக எச்சரித்ததால், ஒரு தொகை உடனே தடுக்கப்பட்டது. பிரிண்டர் நின்றது ஒரு பாதுகாப்புச் சம்பவம் என்று ஒரு கிளை ஊழியருக்குத் தோன்றும்படி பழக்குவதும் பாதுகாப்புத் தலைமையே. அது தொழில்நுட்பத்தால் ஆவதில்லை.

இந்திய ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் பல நாட்டு ஒழுங்குமுறையாளர்களைவிடத் தெளிவாக நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. 2016 ஜூன் 2-ஆம் தேதிச் சுற்றறிக்கையில், ஒவ்வொரு வங்கியும் பொதுவான தொழில்நுட்பக் கொள்கையினின்றும் வேறான, இயக்குநர் சபை அங்கீகரித்த சைபர் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது விதித்தது. 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த ஆணையில், தலைமைத் தகவல் பாதுகாப்பு அதிகாரி தொழில்நுட்பத் துறைத் தலைவருக்கு நேரடியாகக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது என்றும், அவருக்கு வணிக இலக்கு எதுவும் நிர்ணயிக்கக் கூடாது என்றும் கண்டிருக்கிறது. இந்த இரண்டாவது நிபந்தனையை எழுதியவர்கள் மனித இயல்பை அறிந்தவர்கள். இந்தக் காலாண்டில் இத்தனை புதிய செயலிகளை வெளியிட வேண்டும் என்று இலக்கு வைத்த ஒருவரிடமே, இந்தச் செயலி இன்னும் பக்குவப்படவில்லை என்று சொல்லும் கடமையையும் ஒப்படைத்தால், எந்தக் கடமை தோற்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அந்த ஆணை வங்கிகளோடு நில்லாமல், கடன் தகவல் கம்பெனிகளையும் கட்டுப்படுத்துகிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்திருக்கிறது. 2025 ஆகஸ்டில், ரிசர்வ் வங்கி நியமித்த குழு ஒன்று, நிதி நிறுவனங்கள் இயக்குநர் சபை அங்கீகரித்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று சிபாரிசு செய்தது.

அந்த 2023-ஆம் ஆண்டு ஆணையில் இன்னொரு வாசகம், தொழில்நுட்பத்தைப் பற்றித் தீர்மானிக்கும் உயர்நிலைக் குழுக்களுக்குப் பாதுகாப்பு அதிகாரி நிரந்தர அழைப்பாளராக இருப்பார் என்கிறது. அறைக்குள் இருக்கை கிடைத்துவிட்டது. ஆனால் அழைப்பாளருக்குக் குரல் உண்டு, வாக்கு இல்லை. அவர் ஆட்சேபித்ததைக் கேட்டுக்கொண்டு, தலையசைத்து, அடுத்த விஷயத்துக்குப் போய்விடக் குழுவுக்குத் தடை எதுவும் இல்லை. வாக்குரிமை கொடுத்தே தீர வேண்டும் என்று நான் வாதிடவில்லை, ஏனெனில் அபாயத்தை ஏற்பதா வேண்டாமா என்பது முடிவில் வணிகத்தை நடத்துகிறவர்களின் தீர்மானமே. ஆனால் பாதுகாப்பு அதிகாரியின் ஆட்சேபம் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அதை மீறி அந்தத் தொழில்நுட்பத்தை ஏற்கச் சொல்லும் வணிகத் தலைவர் தம் பெயரையும், எந்த அபாயத்தை எத்தனை மாதத்துக்குத் தாம் ஏற்கிறார் என்பதையும் அதன்கீழ் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கெடு முடியும் நாளில் அதே விஷயம் தானாகவே மீண்டும் இயக்குநர் சபையின் முன் வர வேண்டும். ஆணையின் அடுத்த திருத்தத்தில் சேர்ப்பதற்கு இது அரைப் பக்கத்துக்குமேல் பிடிக்காது.